60 பிள்ளைகளுக்குப் பாடசாலையில் காலைச் சாப்பாடு: எவ்வளவு, எத்தனை மணிக்கு, எங்கே பிசகும்

கேள்வி சுருக்கமாக இதுதான். திருகோணமலை மாவட்டத்துத் தம்பலகாமம் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் தரம் 1 முதல் 5 வரை உள்ள பிள்ளைகளுக்கு அரசாங்கத் திட்டத்தில் சாப்பாடு வருகிறது. தரம் 6, 7, 8இல் இருக்கும் 60 பேருக்கு இல்லை. அவர்களில் பலர் வெறுந்தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வருகிறார்கள். பெற்றோர் சேர்ந்து வாரத்தில் மூன்று நாள் காலைச் சாப்பாடு கொடுக்க நினைக்கிறார்கள். என்ன சமைப்பது, எவ்வளவு போடுவது, யார் சமைப்பது?

என்ன சமைப்பது என்பதை வைத்துத் தொடங்க வேண்டாம். ஒரு பிள்ளையின் தட்டில் என்ன இருக்க வேண்டும், அது எத்தனை மணிக்கு அங்கே இருக்க வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள். அங்கிருந்து குசினிக்கு வாருங்கள். இப்படித் தொடங்கும் திட்டங்கள் பெரும்பாலும் இரண்டு இடத்தில்தான் கெடும். சாப்பாடு பாடசாலை தொடங்குமுன் 7:10க்கு வராமல் இடைவேளைக்கு வரும். அல்லது மூன்றாம் வாரத்தில் பயறும் பருப்பும் மெல்ல மெல்லக் குறைந்து, தட்டில் சோறும் சம்பலும் மட்டும் மிஞ்சும்.

11 முதல் 13 வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 2000 கலோரியும் 40 கிராம் புரதமும் வேண்டும். காலையில் கலோரியில் கால்வாசி, அதாவது 450 முதல் 500 கலோரியும், புரதத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 12 முதல் 15 கிராமும் கிடைத்தால் போதும். கலோரியில் இதைத் தாண்டிக் கொடுக்க நினைக்காதீர்கள். வயிறு முட்டச் சாப்பிட்ட பிள்ளை இரண்டாம் பாடத்திலேயே தூங்கிவிடும். இந்த வயதில் கவனிக்க வேண்டிய இன்னொன்று இரும்புச்சத்து. மாதவிடாய் தொடங்கும் பெண் பிள்ளைகளுக்கு அது ஆண் பிள்ளைகளைவிடக் கூடுதலாகத் தேவை. வீட்டில் சாப்பாடு குறைவாக இருக்கும் நாளில் தன் பங்கைத் தம்பிக்கு விட்டுவிட்டு வருவதும் பெரும்பாலும் அவர்கள்தான்.

மூன்று நாளுக்கும் மூன்று சாப்பாடு சொல்கிறேன். எல்லா அளவும் சமைக்க முதல் நிறுத்த அளவு. சமைத்த பிறகு நிறுத்தால் தண்ணீரின் பாரம் உங்களை ஏமாற்றும்.

திங்கட்கிழமைக்குப் பயறு போட்ட பாற்சோறும் ஒரு அவித்த முட்டையும். ஒரு பிள்ளைக்குச் சிவப்புப் பச்சையரிசி 60 கிராம், பயறு 25 கிராம், தேங்காய்ப்பூ 20 கிராம் அளவுக்கான பால், முட்டை ஒன்று, கதலி வாழைப்பழம் ஒன்று. மொத்தம் ஏறக்குறைய 500 கலோரியும் 17 கிராம் புரதமும் வரும். 60 பேருக்கு அரிசி 3.6 கிலோ, பயறு ஒன்றரைக் கிலோ, நடுத்தரத் தேங்காய் 5 அல்லது 6, முட்டை இரண்டு தட்டு. தண்ணீர் 12 லீற்றர், கடைசியில் ஊற்றும் தேங்காய்ப்பால் 3 லீற்றர்.

இந்தச் சாப்பாட்டைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நேரம் பிசகுவதற்கான காரணம் எல்லாம் இதற்குள்ளேயே இருக்கிறது.

வீட்டுக் காஸ் அடுப்பின் ஒரு பர்னரில் 12 லீற்றர் தண்ணீரை வைத்தால் அது கொதிக்கவே ஏறக்குறைய ஒரு மணித்தியாலம் போகும். நாலு பேருக்குச் சமைக்கும் அம்மாவுக்கு இது தெரிய வாய்ப்பில்லை. அவர் ஐந்தரைக்கு அடுப்பை மூட்டி, ஆறரைக்குத்தான் பயற்றைப் போடுவார். சாப்பாடு தயாராக எட்டு மணியாகிவிடும். ஆகவே ஒன்றில், கலியாண வீட்டுச் சமையலுக்கு எடுக்கும் பெரிய வளைய அடுப்பை வாங்குங்கள், அல்லது கல் வைத்து விறகில் எரியுங்கள். இரண்டும் இல்லையென்றால் 15 லீற்றர் சட்டி இரண்டில் பாதி பாதியாகப் பிரித்து, தண்ணீர் கொதிக்கும் வரை மூடியே வையுங்கள். மாரியில் விறகு நனைந்திருக்கும். ஐப்பசிக்கு முன்பே ஒரு மாத விறகை உள்ளே அடுக்கி வைக்காத குசினி கார்த்திகையில் புகையும்.

பயற்றை முதல் நாளே வெறும் தாச்சியில் வாசம் வரும்வரை இலேசாக வறுத்து வையுங்கள். அப்படிச் செய்தால் ஊறவைக்கத் தேவையில்லை. 4:45க்கு அடுப்பு மூட்டினால் இரண்டு சட்டியிலும் 5:20க்குத் தண்ணீர் கொதிக்கும். பயற்றைப் போட்டு 25 நிமிடம் அவியுங்கள். தோல் வெடித்து, விரலால் நசித்தால் மாவாக வேண்டும். பிறகு கழுவிய அரிசி. அது 30 முதல் 35 நிமிடம் எடுக்கும். 6:20 அளவில் தண்ணீர் வற்றியதும் உப்பும் தேங்காய்ப்பாலும் சேர்த்து, 10 நிமிடம் மெல்லிய நெருப்பில் விட்டு இறக்கி மூடிவிடுங்கள். 6:45க்குச் சாப்பாடு தயார். அயடீன் உப்பைக் கடைசியில் போடுவதுதான் சரி. நீண்ட நேரம் கொதித்தால் அயடீன் வீணாகும். உப்புப் போத்தலையும் மூடியே வைக்க வேண்டும்.

பயறும் அரிசியும் சேர்ந்தால் அடிப்பிடிக்கும். மெல்லிய அலுமினியச் சட்டி என்றால் இன்னும் மோசம். தேங்காய்ப்பால் ஊற்றிய பிறகு நுனி தட்டையான மரத்துடுப்பால் அடியைத் தொட்டுக் கிளற வேண்டும். ஒருவேளை கருகிவிட்டால் சுரண்டாதீர்கள். மேலே உள்ள சோற்றை அள்ளி வேறு சட்டிக்கு மாற்றினால் கருகல் மணம் ஏறாமல் தப்பும். சுரண்டினால் முழுச் சட்டியும் போச்சு.

முட்டையைக் குளிர்ந்த தண்ணீரில் வைத்து, கொதிவந்த பின் 10 நிமிடம் விடுங்கள். மஞ்சள் கரு முழுவதும் இறுக வேண்டும். பச்சையாக இருக்கும் கருவில் கிருமி தப்பிவிடலாம். உடனே குளிர்ந்த தண்ணீரில் போட்டால் கோது இலகுவாகக் கழரும். கோது உரிப்பதைப் பிள்ளைகளிடமே விடலாம். உரித்த முட்டையைக் கையால் அள்ளிப் பரிமாறுவதைவிட அது சுத்தம், நேரமும் மிச்சம்.

புதன்கிழமைக்குக் கௌபி அல்லது கடலைச் சுண்டலும் முருங்கையிலைக் கஞ்சியும். ஒரு பிள்ளைக்குக் கௌபி 50 கிராம், தேங்காய்ப்பூ 20 கிராம், கஞ்சிக்கு அரிசி 25 கிராம், உருவிய முருங்கையிலை 10 கிராம். 60 பேருக்குக் கௌபி 3 கிலோ, அரிசி ஒன்றரைக் கிலோ, இலை 600 கிராம், தேங்காய் கஞ்சிப்பாலுக்கும் சேர்த்து 10. இதோடு ஒரு கொய்யா அல்லது வாழைப்பழம் கொடுத்தால் கணக்குச் சரி.

கௌபி 6 முதல் 8 மணித்தியாலம், கடலை 10 முதல் 12 மணித்தியாலம் ஊற வேண்டும். கோடை இரவில் திருகோணமலை வெக்கைக்கு ஊறவைத்த தண்ணீரே புளித்து நுரைத்துவிடும். இரவு எட்டு மணிக்குப் பிறகு ஊறவைத்து, படுக்கப் போகுமுன் ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள். காலையில் அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டுப் புதுத் தண்ணீரில் அவியுங்கள். வயிற்றில் வாயு சேர்வதும் இதனால் குறையும்.

எவ்வளவு அவித்தாலும் கடலை கல்லுப் போலவே இருக்கிறதா? காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கும். கடலை பழையது: வெக்கையும் ஈரமும் பட்டு ஒரு வருடத்துக்கு மேல் கிடந்த கடலை இளகவே இளகாது. அல்லது தக்காளி, தேசிக்காய், புளி ஏதோ ஒன்றை அவியுமுன் போட்டிருப்பீர்கள். மூன்றாவது தண்ணீர். கரையோரக் கிணறுகள் கோடையில் உவர்க்கும். சுண்ணாம்புச் சத்து மிகுந்த கடினத் தண்ணீரில் பயறுவகையின் தோல் இறுகிவிடும். குழாய்த் தண்ணீரில் அவித்தால் வித்தியாசம் அன்றைக்கே தெரியும். அப்பச்சோடா போட்டால் இளகும்தான், ஆனால் பி1 விற்றமினை அது அழித்துவிடும். வேறு வழியே இல்லையென்றால் கிலோவுக்குக் கால் தேக்கரண்டி, அதற்கு மேல் வேண்டாம்.

முருங்கையிலையைக் கஞ்சி இறக்க மூன்று நிமிடம் இருக்கும்போது போடுங்கள். முன்கூட்டியே போட்டால் கறுத்துக் கசக்கும். ஒருமுறை கசந்தால் தரம் 8 பிள்ளைகள் அடுத்த வாரம் கஞ்சிப்பக்கமே வரமாட்டார்கள். சுண்டலில் பரிமாறும் நேரத்தில் தேசிக்காய் பிழியுங்கள், 60 பேருக்கு 8 காய் போதும். கௌபியிலும் இலையிலும் உள்ள இரும்பை உடல் எடுத்துக்கொள்ள விற்றமின் சி வேண்டும். அதே நேரத்தில் தேத்தண்ணி கொடுத்தால் தேயிலையின் துவர்ப்பு அந்த இரும்பைப் பிடித்துவைத்துக்கொள்ளும். சாப்பாட்டோடு பிளேன்ரீ வேண்டும் என்று பெற்றோர் கேட்பார்கள், விட்டுக்கொடுக்காதீர்கள். தண்ணீர் கொடுங்கள். வாரம் ஒருமுறை இரும்புச்சத்துக் குளிசை கொடுக்கும் பாடசாலை என்றால், குளிசை நாளைச் சாப்பாட்டு நாளோடு சேர்த்து வைக்கும்படி வகுப்பாசிரியரிடம் பேசுங்கள். வெறும் வயிற்றில் அந்தக் குளிசை குமட்டும். பிள்ளைகள் வாயில் அடக்கி வெளியே துப்புவதற்கு அதுதான் பெரிய காரணம்.

வெள்ளிக்கிழமை பல வீடுகளில் மரக்கறி நாள். முட்டையை அன்றைக்கு வைத்தால் பாதித் தட்டில் அது அப்படியே கிடக்கும். அன்றைக்கு இடியப்பமும் பருப்புக்கறியும் வையுங்கள். ஒரு பிள்ளைக்கு ஐந்து இடியப்பம், மைசூர்ப் பருப்பு 30 கிராம். பருப்பு மொத்தம் 1.8 கிலோ. 300 இடியப்பத்தைப் பாடசாலையில் அவிக்க முயல வேண்டாம். ஊரில் இடியப்பம் அவித்து விற்கும் பெண்கள் மூன்று பேரிடம் நூறு நூறாகச் சொல்லிவையுங்கள், பருப்பை மட்டும் நீங்கள் சமையுங்கள். ஒருவரிடமே 300 கேட்டால் அவர் இரவிலேயே அவிக்கத் தொடங்குவார். காலையில் வருவது காய்ந்த இடியப்பம். பிட்டும் இதே கதைதான். இரண்டு நீத்துப்பெட்டி வைத்து 4 கிலோ மாவை அவித்து முடிக்க ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போகும். முதல் தவணையில் அது வேண்டாம்.

இடியப்பத்துக்குச் சொதி போதாதா என்று யாராவது கேட்பார்கள். போதாது. கூட்டமாகச் சமைக்கும் சொதி பெரும்பாலும் மஞ்சள் நிறத் தண்ணீர்தான். பருப்பு, அகப்பையைச் சரித்தால் மெல்ல வழியும் பதத்தில் இருக்க வேண்டும். ஓடினால் யாரோ தண்ணீர் சேர்த்திருக்கிறார்கள்.

முட்டை விலை ஏறும் மாதத்தில் அதை விட்டுவிடாமல் மாற்றிவையுங்கள். ஒரு முட்டையில் 6 கிராம் புரதம். அதே அளவு 12 கிராம் காய்ந்த சோயாமீற்றில் உண்டு, 60 பேருக்கு 720 கிராம். இன்னொரு வழி நெத்தலிக் கருவாடு. முள்ளோடு தின்பதால் கல்சியமும் சேரும். பிள்ளைக்கு 8 கிராம், மொத்தம் அரைக் கிலோ. இதற்குப் புரதம் கொஞ்சம் குறையும் என்பதால் பயற்றை 10 கிராம் கூட்டுங்கள். சுடுதண்ணீரில் பத்து நிமிடம் ஊறவிட்டு இரண்டு தரம் கழுவி, வறுத்து இடித்துத் தேங்காய்ச் சம்பலில் சேர்க்கலாம். அந்தச் சம்பலுக்கு வேறு உப்புப் போடக் கூடாது. வாடைக்காலத்தில் கடல் குழம்பி மீன்பாடு குறையும்போது நெத்தலி விலையும் ஏறும். புரட்டாதிக்குள் வாங்கி, காற்றுப் புகாத போத்தலில் வைத்தால் தைமாதம் வரை சமாளிக்கலாம்.

அளவு மெலிந்து போவதைத் தடுக்க ஒரே வழி தராசு. சுண்டு வீட்டுக்கு வீடு வேறுபடும். பால்மாப் பேணியைச் சுண்டு என்று வைத்திருப்பவர்களும் உண்டு. 5 கிலோ வரை நிறுக்கும் சமையல் தராசு ஒன்று வாங்கி, ஒவ்வொரு சமையலுக்கும் உரிய அரிசியையும் பயற்றையும் முதல் நாளே நிறுத்துப் பையில் கட்டி, நாள் எழுதி வையுங்கள். காலையில் சமைப்பவர் பையை அவிழ்த்துக் கொட்டினால் போதும், அளக்கும் வேலையே அவருக்கு இருக்கக் கூடாது. பரிமாறும் அகப்பையையும் ஒருதரம் நிறுத்துப் பாருங்கள். மேலே சொன்ன பாற்சோறு மொத்தம் 17 கிலோ அளவில் வரும், ஆளுக்கு ஏறக்குறைய 280 கிராம். அந்த அளவு ஒரே அகப்பையில் வரும்படி அகப்பையைத் தேர்ந்தெடுத்தால் முதல் வரிசைக்கு மலையும் கடைசி வரிசைக்கு மடுவும் என்று ஆகாது.

முதல் நாள் இரவே சமைத்து வைக்கலாமா? கூடாது. பெரிய சட்டிச் சோற்றின் நடுப்பகுதி விடியும்வரை இளஞ்சூடாகவே இருக்கும். சோற்றிலும் பயற்றிலும் கொதியைத் தாங்கிப் பிழைக்கும் ஒருவகைக் கிருமி அந்தச் சூட்டில்தான் பெருகி நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது. சாப்பிட்ட சில மணித்தியாலத்துக்குள் வகுப்பே வாந்தி எடுக்கும். அன்றோடு திட்டமும் முடியும். சமைத்த இரண்டு மணித்தியாலத்துக்குள் சாப்பிட்டு முடிக்க வேண்டும். தேங்காயையும் இரவில் துருவி வைக்காதீர்கள். குளிர்சாதனப் பெட்டி இல்லாத குசினியில் காலைக்குள் புளித்துவிடும்.

இனி 7:10க்கு வருவோம். பாடசாலை 7:30க்குத் தொடங்குகிறது. சாப்பிட 15 நிமிடம் போதும், ஆனால் கை கழுவ எவ்வளவு நேரம் என்று யாரும் கணக்குப் போடுவதில்லை. இரண்டு குழாய், 60 பிள்ளைகள், ஆளுக்கு அரை நிமிடம் என்றால் கை கழுவவே 15 நிமிடம் போய்விடும். 20 லீற்றர் வாளிகள் மூன்றில் அடிப்பக்கம் குழாய் பொருத்தி வாங்கில் வைத்தால் ஐந்து குழாயாகும், ஆறு நிமிடத்தில் முடியும். கைக்கும் தட்டுக்கும் சேர்த்து ஆளுக்கு ஒன்றரை லீற்றர் என்றால் 90 லீற்றர், சமையலுக்கும் சட்டி கழுவவும் இன்னொரு 60. கோடையில் கிணறு வற்றினால் இந்த 150 லீற்றர் எங்கிருந்து வரும் என்பதை இப்போதே பேசிவையுங்கள்.

பஸ்ஸில் வரும் பிள்ளைகள் 7:25க்குத்தான் இறங்குவார்கள். அவர்களின் பங்கை மூடிவைத்து முதற் பாடத்துக்கு முன் 10 நிமிடம் கேட்டு அதிபரிடம் அனுமதி எடுங்கள். இடைவேளைக்குத் தள்ளாதீர்கள். பத்தரைக்குக் கொடுப்பது நல்ல சாப்பாடாக இருக்கலாம், ஆனால் வெறும் வயிற்றோடு மூன்று மணித்தியாலம் கணிதம் படித்த பிறகு வருவது காலைச் சாப்பாடு ஆகாது.

சமைப்பவர் விடயத்தில் ஒரு கண்டிப்பான கருத்து: அம்மாமார் முறைவைத்துச் சமைப்பது காகிதத்தில் மட்டும்தான் நிற்கும். இரண்டு மூன்று வாரத்தில் அதே இரண்டு பேர்தான் வந்துகொண்டிருப்பார்கள், அவர்களும் அலுத்துவிடுவார்கள். ஒருவருக்கு நாட்கூலி கொடுத்து நிரந்தரமாக வைத்து, உதவிக்கு மட்டும் இரண்டு பேரை முறையில் விடுங்கள். சமைப்பவருக்குச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் மருத்துவச் சான்றிதழ் எடுங்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகரை முதல் சமையலுக்கு முன்பே கூப்பிட்டுக் குசினியைக் காட்டிவிடுங்கள். பிறகு அவர் தானாக வந்து குறை காண்பதைவிட அது நல்லது. வயிற்றோட்டமோ கையில் சீழ்ப்புண்ணோ இருக்கும் நாளில் சமைப்பவர் அடுப்படிக்கு வரக்கூடாது, அன்றைய கூலியை மட்டும் நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் நோயை மறைத்துக்கொண்டு வருவார்.

செலவை உலர்ந்த நிறையை வைத்து அன்றன்றைய கடை விலையில் போட்டுப் பாருங்கள். ஒப்பிடுவதற்கு, 2024இல் அரசாங்கம் ஆரம்பப் பிரிவுப் பிள்ளை ஒருவரின் ஒருவேளைச் சாப்பாட்டுக்கு 110 ரூபா ஒதுக்கியது. மூன்று சாப்பாட்டிலும் காசை அதிகம் தின்பது முட்டையும் தேங்காயும்தான். அரிசி தம்பலகாமத்தில் அறுவடைக்குப் பிறகு வீட்டுக்கு வீடு கிடைக்கும். காசாகக் கொடுக்க இயலாத பெற்றோரிடம் பெரும்போக அறுவடையில் நெல்லாகக் கேளுங்கள். 100 கிலோ நெல்லில் ஏறக்குறைய 65 கிலோ அரிசி தேறும். வாரம் 5 கிலோ அரிசிதான் உங்களுக்குத் தேவை, அந்த 65 கிலோ ஒரு தவணைக்கும் போதும். பயறு, கௌபிக்கு இரண்டு வாரத்துக்கு மேல் இருப்பு வேண்டாம், வண்டு வைக்கும்.

வறிய பிள்ளைகளுக்கு மட்டும் கொடுப்போம் என்று ஒரு யோசனை கூட்டத்தில் வரும். 13 வயதுப் பிள்ளை பசியோடு இருப்பானே தவிர, அந்த வரிசையில் வந்து நிற்கமாட்டான். காசு போதாவிட்டால் நாளைக் குறையுங்கள், பிள்ளைகளைப் பிரிக்காதீர்கள். மூன்று வகுப்புக்கும் இரண்டு நாள் கொடுப்பது, ஒரு பகுதியினருக்கு ஐந்து நாள் கொடுப்பதைவிட நிலைக்கும். தொடங்குமுன் ஒவ்வொரு பெற்றோரிடமும் ஒவ்வாமை உண்டா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். முட்டை, மீன், கச்சான் மூன்றையும் பெயர் சொல்லியே கேளுங்கள்.

காஸ் திடீரென முடிந்தாலோ சமைப்பவர் வராவிட்டாலோ அன்றைக்கு விசுக்கோத்துப் பெட்டியை உடைக்கத்தான் எல்லோருக்கும் கை போகும். அதற்குப் பதிலாக நெருப்பு வேண்டாத ஒரு சாப்பாட்டைக் கையிருப்பில் வையுங்கள். ஆளுக்கு அவல் 50 கிராம், எருமைத்தயிர் 100 கிராம், ஒரு வாழைப்பழம், கொஞ்சம் தேங்காய்ப்பூ. அவல் 3 கிலோவை எப்போதும் மூடிய வாளியில் வைத்திருக்கலாம். கிண்ணியா, மூதூர்ப் பக்கத்துத் தயிர்ச்சட்டிகளில் 6 கிலோ, விடியற்காலை ஒரு தொலைபேசி அழைப்பில் வந்துசேரும்படி விற்பவர் ஒருவரோடு பேசிவையுங்கள். அவலைக் கொதித்தாறிய தண்ணீர் தெளித்துப் பத்து நிமிடம் ஊறவிட்டுத்தான் தயிரைச் சேர்க்க வேண்டும். நேரே தயிரில் போட்டால் அது தயிரின் ஈரத்தை எல்லாம் இழுத்துக் கட்டியாகிவிடும். சீனி வேண்டாம், பழத்தை மசித்துவிட்டால் இனிப்பு அதுவே போதும்.